டாக்டர் சொன்ன நார்மல்

எனக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் வார்த்தை ‘நார்மல்’. அவ்வளவு மகத்தான வார்த்தையை அதற்குப் பிறகு நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

வெள்ளைக்காரன் காலம். ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டுத் தறி அமாவாசைக்கு மட்டும்தான் ஓயும். அந்த வருஷம் அண்ணனுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. சத்தம் தலையில் இடிக்கிறது என்று அவன் முனகவே, அப்பா தறியை நிறுத்திவிட்டார். நாளாக ஆக அண்ணன் ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தான். சைக்கிளில் வரும் டாக்டர் தினமும் ஒரு கண்ணாடிக் குச்சியை அவன் அக்குளில் வைத்து எடுப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். பிழைப்பானா என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் காலையில் குச்சியைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கவில்லை. “நார்மல்” என்றார். இனிப் பயமில்லை, கஞ்சி கொடுக்கலாம் என்றும் சொன்னார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரே வார்த்தையில் அண்ணனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே, மந்திரம் என்றால் இதுவல்லவா மந்திரம் என்று நினைத்தேன்.

அன்று முதல் எது உசத்தியோ அதெல்லாம் எனக்கு நார்மல். அப்பா நெய்த சேலையின் கரை நார்மல். தேரில் வந்த அம்மன் நார்மல். வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. அவர்களுக்கும் அது அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

அண்ணன் எழுந்து நடமாடியதும் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். கற்பூரம் காட்டும்போது நான் உரக்கவே வேண்டிக்கொண்டேன்.

“எங்க ஊட்டுல எல்லாரையும் நார்மலா வெச்சிரு சாமி.”

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத்து வாத்தியார் சிரித்துவிட்டார்.

“நார்மல்னா எப்பவும் போலன்னு அர்த்தம் கண்ணு. சாமிகிட்டப் பெருசா ஏதாச்சும் கேளு.”

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. இந்த அற்ப வார்த்தைக்கா அப்பா அப்படி அழுதார்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் வராததுமாக அப்பா தறிக்குழியில் இறங்கி நெய்ய ஆரம்பித்துவிட்டார். அண்ணன் என் பங்குப் பொங்கலையும் தின்றுவிட்டு, தின்னவே இல்லை என்று சாதித்தான். அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டினாள். வீடு எப்போதும் போல இருந்தது. நான் கேட்டது அதைத்தான் என்றோ, அது கிடைத்துவிட்டது என்றோ தெரியாமல், சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டேன்.