பழைய நேரத்தில் பிறந்தவர்கள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நான் எழுதும் நிரலை அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். அதற்கே பத்துத்தரம் சரிபார்த்துத்தான் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் உலகமே பார்க்கிற இடத்தில் போய்த் தலையைக் கொடுத்ததற்குக் காரணம் என் சாதகம்.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். பொருத்தம் பார்க்க அம்மாவும் நானும் மருதனார்மடத்தில் இருக்கும் ஒரு சாத்திரியாரிடம் போனோம். அவர் இப்போது கையால் கணிப்பதில்லை. பிறந்த நாள், நேரம், இடம் மூன்றையும் மடிக்கணினியில் அடிக்கிறார். கட்டம் போட்ட தாள் வந்து விழுகிறது. விழுந்த தாளைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது.

"இவள் விருச்சிக லக்கினமெல்லோ. உதென்ன துலாம் எண்டு கிடக்கு?"

"கொம்பியூட்டர் பிழை விடாது தங்கச்சி," என்றார் சாத்திரியார்.

கொம்பியூட்டர் பிழை விடாதாம். நாள் முழுக்க அதன் பிழைகளோடுதானே நான் மல்லுக்கட்டுகிறேன். பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

நான் பிறந்தது வன்னியில், இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த காலத்தில். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் அப்போது நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தது. வன்னி அப்போது அரசாங்கத்தின் கையில் இல்லாததால் அங்கே அது எடுபடவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. அதனால்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் சாதகக் குறிப்பைப் பார்க்கிறவர்கள், "பழைய நேரமோ புதிய நேரமோ?" என்று முதலில் கேட்பார்கள். மென்பொருள் கேட்கவில்லை. இலங்கை முழுவதற்கும் ஒரே நேரம் என்று அது நம்பிக்கொண்டிருந்தது. அந்த அரை மணித்தியாலத்தில் என் லக்கினம் மாறிவிட்டது.

எனக்கு முன்னர் ஒரு அண்ணையும் அதே காலத்தில் அங்கேதான் பிறந்தவன். சில மாதங்களில் காய்ச்சலில் போய்விட்டான். அவனை மண்ணில் தாட்ட கையோடு எறிகணை விழத் தொடங்கியதால் அப்பாவும் அம்மாவும் மறுபடி மூட்டையைக் கட்டினார்கள். பிறகு தேடிப் போனபோது அந்த இடத்தைக் காடு மூடியிருந்ததாம். எங்கள் வீட்டில் அவனைப் பற்றிக் கதைப்பதில்லை.

அந்தச் சாதக மென்பொருள் இலவசமானது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து, பிழை இருந்த வரியைக் கண்டுபிடித்தேன். பக்கத்து மேசை அண்ணையிடம் காட்டினேன். எங்கள் அலுவலகத்தில் இந்த மாதிரித் திட்டங்களுக்கு நிரல் அனுப்பிப் பழகியவர் அவர் ஒருவர்தான்.

"கண்டுபிடிச்சிட்டாயெல்லோ, திருத்தி அனுப்பு. முதலிலை உனக்கெண்டு ஒரு பிரதி எடு. அதிலை திருத்து. பிறகு, இதை எடுங்கோ எண்டு அவையளைக் கேள். உன்னை ஒருத்தரும் கடிக்க மாட்டினம்."

திருத்தம் சின்னதுதான். பிறந்த இடத்தில் பழைய நேரமா என்று கேட்கும் ஒரு தெரிவு, அதற்கேற்ற கணக்கு. எழுதி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தத்தான் கை வரவில்லை. என் முழுப்பெயரைப் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் பக்கத்து மேசை அண்ணை சொன்னார், அங்கே ஒருதரம் போனது போனதுதானாம். அழித்தாலும் அழித்த கதையும் சேர்ந்து கிடக்குமாம். அதை முதலே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுமொழி இரண்டு நாள் கழித்து வந்தது. அந்தத் திட்டத்தைப் பராமரிக்கிறவர் எந்த நாட்டுக்காரரோ, மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஒரே நாட்டுக்குள் எப்படி இரண்டு நேரம் இருந்தது, யார் அப்படி முடிவெடுத்தது என்று கேட்டிருந்தார். திருத்தம் சரி என்று காட்ட ஒரு சோதனையும் எழுதித் தரச் சொன்னார். கற்பனைப் பிறப்பு வேண்டாம், அதற்குச் சரியான விடை யாருக்குத் தெரியும்? அக்காலத்தில் கையால் கணித்த குறிப்புள்ள, உண்மையாகப் பிறந்த ஒருவரின் விபரம் வேண்டும் என்றார்.

யார் முடிவெடுத்தது என்பதை நான் எப்படி எழுதுவேன்? இங்கே அதை வாயால் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துகிற சனம் நாங்கள். சோதனைக்கென்று என் கையில் இருந்ததோ என் பிறப்பு ஒன்றுதான். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். முற்றத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"உதை ஆர் பாக்கிறது?"

"ஆரும் பாக்கலாம் அம்மா."

"ஆரும் எண்டால்? ஆமிக்காரனுமோ?"

"ஓம்."

"உனக்கென்ன விசரே பிள்ளை? வன்னியிலை பிறந்தனான் எண்டு நீயே எழுதிக் குடுக்கப் போறியோ? பிறந்த நேரத்தை வேறை ஊருக்குக் காட்டப் போறாய். ஆரும் செய்வினை கிய்வினை செய்தால் என்ன செய்யிறது? அழி உதை."

"அழிக்கேலாது அம்மா. போட்டது அங்கையே கிடக்கும்."

அந்த நேரம் பார்த்து, தெரியாத மோட்டார்சைக்கிள் ஒன்று எங்கள் வாசல் படலையடியில் வேகத்தைக் குறைத்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். புது மீன்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. செய்வினையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அலுவலகத்தில் பெரிதாகச் சொல்லித் திரிகிறவள் நான். அன்று எனக்கு ஆமியும் பயம், செய்வினையும் பயம், முகம் தெரியாத அந்த வெளிநாட்டுக்காரரின் அடுத்த கேள்வியும் பயம்.

விட்டுவிடுவோம் என்றுதான் முடிவெடுத்தேன். ஆனால் அதுவும் நிம்மதி தரவில்லை. அந்தத் தறப்பாள்களுக்குக் கீழே பிறந்தவள் நான் ஒருத்தி மட்டுமா? எத்தனை பிள்ளைகளுடைய கட்டம் பிழையாக வந்து விழுந்துகொண்டிருக்கும், எத்தனை சம்பந்தம் அதனால் குழம்பும் என்று இரவு முழுக்க எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் வேலைக்கு வெளிக்கிட்டுச் செருப்பைப் போடும்போது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"உன்ரை நேரத்தைப் போடாதை," என்றார். "மூத்தவன்ரையைப் போடு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"காலமை ஆறேகால். அப்பான்ரை கைக்கடிகாரத்திலை பாத்தது, பழைய நேரம். மீன லக்கினம். ஆயுள் கெட்டி எண்டுதான் அங்கையிருந்த சாத்திரியார் சொன்னவர்." அம்மா என் தோளில் பையின் வாரைச் சரிசெய்தார். "அவனை இனி ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது பிள்ளை."

பிறந்த நாளையும் அந்த ஊரின் பெயரையும் சொன்னார். ஒன்றையும் யோசித்துச் சொல்லவில்லை. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பஸ்ஸில் போகும்போது நான் அழுதேன்.

அலுவலகத்தில் சோதனையை எழுதினேன். பழைய நிரலில் ஓட்டினால் கும்பம் என்று வந்தது. என் திருத்தத்தோடு ஓட்ட மீனம் என்று வந்தது. யார் முடிவெடுத்தது என்ற கேள்விக்குப் பலமுறை எழுதி அழித்து, கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்: "அங்கே வாழ்ந்தவர்கள் மணிக்கூட்டை மாற்றவில்லை. என் அம்மா அங்கே இருந்தார்." அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சில நாட்களில் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டதாக அறிவித்தல் வந்தது. இன்றைக்கும் படலையடியில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் அந்த இணையப் பக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சம்பந்தம் சரிவரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு என் லக்கினத்தைவிட எங்கள் காணியில்தான் கண். அம்மா அதற்குப் பெரிதாகக் கவலைப்படவில்லை. வேறு ஒன்றைத்தான் துருவித் துருவிக் கேட்டார்.

"அவன்ரை நேரத்தை என்ன செய்வினம்?"

"ஆராவது அந்த நிரலிலை கைவைச்சால், உடனை கொம்பியூட்டர் எங்கடை அண்ணையின்ரை குறிப்பைத் திருப்பிக் கணிச்சுப் பாக்கும் அம்மா. எந்த நாட்டிலை இருந்து மாத்தினாலும் பாக்கும்."

"பிழையா வந்தால்?"

"சிவப்பாக் காட்டும். எல்லாரும் நிண்டு, என்ன பிழை எண்டு பாப்பினம். அதைச் சரியாக்காமல் மேற்கொண்டு போகேலாது."

அம்மா முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"அப்ப அங்கை ஆரும் அவனை விட்டிட்டுப் போகேலாது, என்ன?"

"ஓம் அம்மா," என்றேன். "போகேலாது."