நாலு திக்கும் அம்பு விட்ட மாப்பிள்ளை

எங்கள் ஊருக்குத் தலைப்பொங்கலுக்கு வருகிற மாப்பிள்ளை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பண்டிகை முடிவதற்குள் என்ன கூத்து அடிக்கிறாரோ, அதுவே அவருக்குப் பெயராகிவிடும். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை ஏரிக்கரையில் வழுக்கிப் புது வேட்டியோடு தண்ணீரில் விழுந்தார். என் கல்யாணத்தின்போது அவர் பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஊருக்கு அவர் அப்போதும் 'தொபுக்கடீர் மாப்ள'தான். அறுபதுகளின் நடுவில், என் தலைப்பொங்கலுக்குக் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறியபோது எனக்கு ஒரே வேண்டுதல். சாமி, என் வீட்டுக்காரருக்கு மட்டும் பெயர் விழக் கூடாது!

அவர் திருவள்ளூர்க்காரர். பகலெல்லாம் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பார். கோயிலில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு மரியாதை உண்டு. விஜயதசமி அன்று பெருமாள் குதிரை வாகனத்தில் வேட்டைக்கு எழுந்தருளுவார். பெருமாள் சார்பில் வில்லைப் பிடித்து அம்பு விடுவது இவர்கள்தான். கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று, கடைசியாக ஆகாசத்தைப் பார்த்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் 'கோவிந்தா!' என்பார், கூட்டமும் 'கோவிந்தா!' என்று கத்தும். நாண் தொளதொளவென்று இருக்கும். முனையில்லாத அம்பு நாலு ஆள் தூரம் போனாலே பெரிது. எதன் மேலும் பட வேண்டியதில்லை, விட்டால் போதும்.

அந்த வருஷ விஜயதசமிக்கு என்னைப் பார்க்க வந்திருந்த என் அண்ணன் இதை வாயைப் பிளந்து பார்த்தான். பார்த்தவன் சும்மா இருந்தானா? ஊருக்குப் போய், "எங்க மாப்ள வில்லாளி! பெருமாளே அவருகிட்டத்தான் வில்லைக் குடுக்கறாரு!" என்று தண்டோரா போட்டுவிட்டான்.

ஊருக்கும் அப்போது ஒரு வில்லாளி தேவைப்பட்டது. இன்று தொழிற்சாலைகள் வேலி போட்டு நிற்கிற இடமெல்லாம் அன்று வேலிகாத்தான் முள்ளுக்காடு. அதிலிருந்து காட்டுப்பன்றிகள் கிளம்பி வந்து எங்கள் சர்க்கரைவள்ளித் தோட்டத்தைக் கிளறிக்கொண்டிருந்தன. நாங்கள் போய் இறங்கினால், அண்ணன் பச்சை மூங்கிலை வளைத்து, முறுக்கின கயிற்றை விறைப்பாகக் கட்டி, கொல்லுப்பட்டறையில் இரும்பு முனை அடித்து வாங்கித் தயாராக வைத்திருக்கிறான்! அவன் கூட்டாளிகள் நாலைந்து பேர் கையிலும் ஆளுக்கொரு வில். ஒருத்தனாவது ஒரு வாழை மரத்தைக் குறி வைத்துப் பார்த்தானா என்றால், அதுதான் இல்லை.

"கொஞ்சம் பழகிக்கினு போலாமே மச்சான்" என்று இவர் மெதுவாக இழுத்தார்.

"உனக்கு இன்னாத்துக்கு மாப்ள பழக்கம்? நீ வுடு, நாங்க பாத்துக் கத்துக்கறோம்!"

கொல்லைப் பக்கம் இவர் என்னைத் தனியாகப் பிடித்தார். முகம் பேயடித்த மாதிரி இருந்தது. "நான் ஜென்மத்துல குறி பாத்து அடிச்சதில்லடி. இன்னா பண்றது?"

"அதை அண்ணன்கிட்ட சொல்லுங்களேன்!"

"சொன்னா பேரு வெச்சிடுவாங்களே!"

அதுவும் நியாயம்தான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மாட்டுப்பொங்கல் அன்று பொழுது சாயும் நேரம் எல்லோரும் வரப்புக்குப் பின்னால் பதுங்கினார்கள். அம்மா சுட்ட வடையைக் கூடையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். பொம்பளை வரக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவன் சொன்னால் நான் கேட்டுவிடுவேனாக்கும்!

மேற்கே முள்ளுக்காட்டிலிருந்து பன்றி வந்தது. கன்னங்கரேலென்று, எங்கள் வீட்டு உரலைப் போல. "வுடு மாப்ள!" என்றான் அண்ணன்.

இவர் எழுந்தார். பதற்றத்தில் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பன்றி மேற்கே நிற்க, கிழக்கே திரும்பி முதல் அம்பை விட்டார்! "கோவிந்தா!" அது சொய்யென்று பறந்து, எங்கேயோ போய்க் குட்டையில் விழுந்தது. அடுத்தது தெற்கே. அங்கே உட்கார்ந்திருந்த அண்ணன், "ஐயோ நைனா!" என்று சேற்றில் குப்புற விழுந்தான். மேற்கே விட்டது பன்றிக்கு ஒரு பனை உயரத்துக்கு மேலே போயிற்று. பன்றி நிமிர்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது. வடக்கே ஒன்று. கடைசியாக ஆகாசத்துக்கு ஒன்று. கோவிந்தா என்று கேட்டால் திருப்பிச் சொல்லும் பழக்கதோஷம், கூட்டாளிகள் அத்தனை பேரும் தொண்டை கிழிய "கோவிந்தா!" என்று கத்த, பன்றி விட்டது ஓட்டம்!

நான் வரப்பில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன். சொத்தென்று தலையில் ஒரு இடி. கூடையை இறக்கிப் பார்த்தால், ஆகாசத்துக்குப் போன அம்பு திரும்பி வந்து வடைக்குள் செருகிக்கொண்டு நிற்கிறது. முனை கூடையின் அடியையும் துளைத்து, நான் தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியில் குத்தியிருந்தது. "பன்னிக்கு வெச்ச குறி வடைக்கு!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

இவர் சிரிக்கவில்லை. ஓடி வந்தார். அத்தனை பேரும் பார்க்க, புதுப் பெண்டாட்டியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் இல்லியே? ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டு ஓவென்று அழுதுவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

விடிவதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். 'கோவிந்தா மாப்ள'.

திருவள்ளூர் திரும்பியதும் கொல்லையில் வைக்கோல் அடைத்த சாக்கை, மண்சுவருக்கு முன்னால் தொங்கவிட்டார். கடை மூடி வந்ததும் வில். முதலில் கை நீட்டினால் தொடுகிற தூரம். சாக்கில் தப்பாமல் பட்டால்தான் ஓரடி பின்னால் போவார். அம்பைப் பொறுக்குவது என் வேலை. அவர் வில்லைக் கீழே வைக்கும் வரை நான் அசையக் கூடாது. கொடியில் காய்ந்த என் சேலை இரண்டு கிழிந்தது. நாண் அடித்து அவர் முன்கை கன்றிப்போனது. "இப்படியே போனா சாக்கு செத்துடும்" என்று நான் கேலி செய்வேன். மனுஷன் காதிலேயே வாங்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முதல் வேலையாக அண்ணனையும் கூட்டாளிகளையும் களத்துமேட்டில் சாக்கின் முன்னால் நிறுத்தினார். "சாக்குமேல அடிக்கறவன் வரலாம்." ஒருத்தனுக்கும் படவில்லை. எல்லோர் வில்லையும் பிடுங்கி வீட்டில் போட்டுவிட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்றார், வரக் கூடாது என்று சொல்லவில்லை. ஊரே திரண்டு வந்து பின்னால் உட்கார்ந்தது.

பன்றி வந்தது. கிட்டத்திலேயே, விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. இவர் நாணை இழுத்தார். எனக்குத் தெரியும், அந்தத் தூரத்தில் சாக்கை அவர் தவறவிட்டதே இல்லை. ஒரே அம்பு, பெயர் அழிந்துவிடும்.

மெல்ல வில்லைத் தாழ்த்திவிட்டார்.

"இன்னா மாப்ள! வுடு!"

"பின்னால புதரு. அங்க யாரு இருக்காங்கன்னு தெரியல மச்சான்."

"அங்க எவன் இருப்பான்?"

அதற்குள் பன்றி போய்விட்டது. அண்ணன் ஓடிப் போய்க் கழியால் புதரை அடித்துப் பார்த்து, "ஒரு காக்கா கூட இல்ல!" என்று கத்தினான். ஊரே கொல்லென்று சிரித்தது. எவனோ ஆரம்பித்தான், "கோவிந்தா மாப்ள!"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கை தானாக, போன வருஷம் அம்பு வந்து இடித்த உச்சந்தலைக்குப் போயிருந்தது. அதை எடுக்காமலேயே, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி, கோயிலில் அவர் அம்புக்குக் கத்துவது போல, எல்லோரையும்விடச் சத்தமாக நான் கத்தினேன்: "கோவிந்தா!"