அசையாத முயலும் அடங்காத கோடும்

முயல் தூங்குகிறதா இல்லையா என்பதை முயலைப் பார்த்துச் சொல்லக் கூடாது, காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர், அங்கே சோதனைகள் செய்த மனோகர் சார். தொண்ணூறுகளின் நடுவில், என் பெரியவள் பத்தாவது படித்த வருஷம், கேளம்பாக்கம் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கூண்டு கழுவப் போன முதல் வாரம் அது. பிராணிகளோடு வேலை பார்க்கும் அம்மாக்களே, நம் தொழிலில் மனசு உறுத்தாமல் வீடு திரும்பிய நாள் எத்தனை?

பேனா எழுதுவது

முயலின் தலையில் மெல்லிய கம்பிகள் பொருத்தியிருக்கும். அதன் மூளை ஓடுகிற ஓட்டத்தை மிஷின் பேனா காகிதத்தில் கோடாக எழுதும். விழித்திருந்தால் பொடிப் பொடியாய், நெருக்கமான கோடு. மயக்க வாயு ஏறினால் பெரிய, மெதுவான அலை. இன்னும் ஏறினால் நேர்க்கோடு, நடுநடுவே ஒரு துள்ளல். காகிதச் சுருள் மாற்றுவதும் என் வேலை. நேர்க்கோட்டைப் பார்த்தாலே "முருகா" என்று வாய் முணுமுணுக்கும். கூட வேலை பார்த்த முட்டுக்காட்டு ஏழுமலை சிரிப்பான்.

"இன்னாக்கா, முயலுக்கு ஒரு முருகா, எலிக்கு ஒரு முருகான்னு வேண்டிகினு கீறியே, சாமிக்கு வேற வேலை இல்லியா?"

கல் மாதிரி

சில சோதனைகளில் முயல் துளியும் ஆடக் கூடாது. அப்போது மயக்க வாயுவோடு, உடம்பைக் கட்டிப்போடும் ஊசியும் போடுவார்கள்; அது ஆட விடாதே தவிர, தூங்க வைக்காது, வலியையும் மறக்கடிக்காது. மூச்சு விட மிஷின். அப்படி ஒரு நாள், முயலின் தோலைத் திறந்தாயிற்று. சுருள் மாற்றப் போனேன். பெரிய அலை வர வேண்டிய இடத்தில் பொடிக் கோடு. கீரை தின்னும்போது வருமே, அதே கோடு. முயலோ கல் மாதிரி கிடந்தது.

"சார், இது முழிச்சிக்கிட்டிருக்கு போல" என்றேன். மனோகர் சார் கெட்டவர் இல்லை. தன் தயிர் சாதத்தில் பாதியை எனக்குத் தருகிறவர். அன்று தலை நிமிரவில்லை.

"ஃபேன் கரண்டு குறுக்கே வந்து பேப்பர்ல கோடா விழுதும்மா. உடம்பு ஆடலைல்ல? அப்புறம் என்ன?"

வறண்ட குடுவை

நான் எட்டாவது படித்தவள். முயலுக்காக அறுபடை வீட்டையும் வேண்டினேன். சாரை இன்னொரு தரம் கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஏழுமலை வந்து பார்த்தபோது, மயக்க வாயுவாக மாறும் மருந்தை ஊற்றி வைக்கும் குடுவை வறண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போவதால் மருந்தை அவன் ஊற்றுவான். மற்ற நாள் நான். அன்று செவ்வாய், கிருத்திகை. திருப்போரூர் போய்விட்டுத் தாமதமாக வந்தவள், அவன் ஊற்றியிருப்பான் என்று இருந்துவிட்டேன். அவனோ நான் ஊற்றியிருப்பேன் என்று நினைத்திருக்கிறான்.

சார் உடனே ஊசி போட்டு முயலை ஒரேயடியாகத் தூங்க வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து காகிதத்தை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தார்.

"அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நீங்க ஏம்மா இன்னொரு தரம் சொல்லலை?"

அதற்கப்புறம் பல வருஷம் அங்கே சுருள் மாற்றியவள் என்ற முறையில், உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கோடு மாறினால் இரண்டாம் தரமும் வாய் திறந்து சொல்லுங்கள், வேண்டுதலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.