மேனேஜருக்குத் தெரிந்த இங்கிலீஷ்

கையெழுத்துப் போடுவதற்கு முன் மேனேஜர் பேனாவை ஓர் உதறு உதறுவார். பக்கத்தில் நிற்கிற என் சேலையில் மை தெறித்தாலும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் அந்தக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்களை டைப் செய்வது என் வேலை. அவர் வாயில் ஓயாமல் புழங்கிய ஆங்கிலம் ஒன்றுதான்: ‘நாட் அப் டு த மார்க்’. எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று பொருள். லேபிளில் சிவப்பு மங்கினாலும் அதைத்தான் சொல்வார், காப்பியில் சீனி குறைந்தாலும் அதைத்தான் சொல்வார். அதுவரை எனக்கு அவர்மேல் எரிச்சல் மட்டும்தான். வெறுப்பு வந்தது ஒரு தீபாவளி சீசனில்.

ஆர்டர் குவிந்து கிடந்தது. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று, காகிதம் வெட்டும் மெஷினில் கையைக் காக்கும் தகட்டை அவரே கழற்றச் சொன்னார். அச்சங்குளத்திலிருந்து வேலைக்கு வந்த ஓர் அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“அவ வேல நாட் அப் டு த மார்க். அதனால நிப்பாட்டுறோம்னு லெட்டர் அடிம்மா.”

“அவுகள மாதிரி வேல பாக்க ஆளே இல்லன்னு போன வாரம் நீங்கதான சொன்னீக சார்?”

“வெரல் இல்லாதவள வச்சு நான் என்ன செய்ய? சொன்னத அடி.”

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அந்த வார்த்தைகள் எதைப்பற்றி எழுதப்படவேண்டுமோ அதைப்பற்றி எழுதினேன். மெஷினின் பாதுகாப்பு ‘நாட் அப் டு த மார்க்’. நிர்வாகம் தகட்டைக் கழற்றச் சொன்னதால் ஊழியர் விரல்களை இழந்தார். மேனேஜர் தாளின்மேல் விரலை ஓட்டி, தனக்குத் தெரிந்த அந்த வார்த்தைகளைத் தேடினார். அவை இருந்தன. மற்றதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் அக்காவின் வீட்டுக்குப் போனது. அவருடைய தம்பி அதைத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தார். அங்கே முழுவதையும் படித்தார்கள். விசாரணை வந்தது. கம்பெனி நஷ்டஈடு கொடுக்கவேண்டியதாயிற்று. முதலாளி எதிரிலேயே மேனேஜர் என்மேல் பாய்ந்தார்.

“சோறு போட்ட எடத்துக்கே குழி பறிச்சிட்டியே!”

“நீங்க சொன்ன வார்த்தைதான் சார். போடவேண்டிய எடத்துல போட்டேன்.”

அன்றைக்கே என் வேலை போனது.

இப்போது சாத்தூரில் வேறோர் ஆபீசில் இருக்கிறேன். போன மாதம் ரயில் நிலையத்தில் அவர் எதிரே வந்தார். ஒன்றுமே நடக்காததுபோல், “நல்லாருக்கியாம்மா?” என்றார். அக்காவால் இன்றும் தன் தலையைத் தானே பின்ன முடியாது. அவரைக் கடந்து நடந்தேன்.