பொம்மைக்கு வலிக்காது, என் அம்மாவுக்கு வலிக்கும்

அம்மாவின் படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற இன்று ஒரு நர்ஸ் அக்கா வீட்டுக்கு வந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு இல்லை. காது நன்றாகக் கேட்கும்.

"ஏனுங்க, கட்டில் இல்லீங்களா? டிரெயினிங்ல பொம்மையக் கட்டில்ல போட்டுத்தானே சொல்லிக்குடுத்தாங்க!"

முனகிக்கொண்டே அம்மா படுத்திருந்த பாயில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மாவைப் புரட்டி, காய்ந்து ஒட்டியிருந்த துணியைப் பிய்த்தார். அம்மாவின் கண்ணில் நீர் கொட்டியது.

"சொல்லிப்போட்டுத் திருப்புங்கக்கா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவங்களுக்குத்தான் பேச்சு வராதே, கண்ணு?"

பேச்சுதான் வராது. வலி வரும்.

பயிற்சி கொடுக்கும் பெரியவர்களே, அடுத்த முறை தொட்டால் அலறும் பொம்மையாக வாங்கித் தரையில் போடுங்கள். கிடைக்காவிட்டால் நானே வந்து படுக்கிறேன். இன்று வாய்க்குள்ளேயே பேசியதற்கெல்லாம் சேர்த்து அங்கே அலறிக்கொள்கிறேன். இதைப் படிப்பவர்களில் துணைக்கு யாராவது வருகிறீர்களா?