சட்டி வழித்தவள்

எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்த மறுநாள்தான் எனக்கு விசேஷம். முதல் நாள் குழம்பை யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், அது வந்தவர் போனவருக்கு. மறுநாள் காலையில் மண்சட்டியின் அடியில் கொஞ்சம் சுண்டிக் கிடக்குமே, மாங்காய்த் துண்டு கரைந்து, எண்ணெய் பிரிந்து, ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொண்டு, அது வீட்டு ஆட்களுக்கு மட்டும். அம்மா அந்தச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டு, ஓரத்தை வழித்து வழித்துப் பிசைவாள். நானும் தம்பியும் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டுவோம். உள்ளங்கையில் ஒரு உருண்டை விழும். அதை விழுங்குவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். அப்பாவுக்கு அரியலூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. கிளம்புகிற அவசரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, நின்றபடி அவரும் கையை நீட்டுவார். கடைசியில் சட்டி என் மடிக்கு வரும். நான் வழித்த சட்டியைக் கழுவவே வேண்டாம் என்று தம்பி கேலி செய்வான். பொய்யில்லை.

மீன் தினம் கிடைக்கிற ஊரில்லை எங்கள் ஊர். திருமானூர்ப் பக்கமிருந்து கொள்ளிடத்து மீனைக் கூடையில் வைத்து ஒரு அம்மாள் பஸ்ஸில் கொண்டுவருவார். அவர் தெருவுக்குள் நுழைந்தால் எனக்கு அன்றைய குழம்பு நினைவுக்கு வராது, மறுநாள் சட்டிதான் வரும். அவ்வளவு நாக்கு எனக்கு.

"சட்டிய வழிச்சுத் திங்காதடி, ஒங் கல்யாணத்தன்னிக்கு மழ கொட்டும்" என்று அக்கம்பக்கத்தில் பார்த்தவர்களெல்லாம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இதைக் கேட்காத பெண் பிள்ளை இருக்க முடியாது. சிலருக்கு ஊறவைத்த அரிசி, சிலருக்குச் சட்டி. அம்மா சிரிப்பாள். "கொட்டட்டுமே! நம்ம ஊருல எதுக்காச்சும் மழ பெய்யட்டும்" என்பாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பெரம்பலூருக்கு மேற்கே, பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற கரிசல் காட்டு ஊர். கல்யாணம் பெண் வீட்டில் என்பது பேச்சு. வீட்டு வாசலை அடைத்து அப்பா பந்தல் போட்டார். மாசியில் வெயில்தான் அடிக்கும், பனி பெய்யும், மழை என்ற பேச்சுக்கே இடமில்லை.

தாலி கட்டும் வரை வானம் சும்மா இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்து, சாம்பாரும் ஊற்றியாயிற்று. அப்போது பிடித்தது. தூறல் போட்டுப் பார்த்துப் பெய்கிற நாகரிகமெல்லாம் அந்த மழைக்கு இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது. பந்தலில் ஒழுகாத இடம் என்று ஒரு முழம் கிடையாது. இலையில் சாம்பார் மிதந்தது. பாயச வாளிக்கு மேல் ஒருவர் துண்டை விரித்துப் பிடித்தார், துண்டு வழியாக வடிந்தது. "ரசத்துக்கு மறு ஊத்து கேக்க வேணாம் போ, மேலேர்ந்தே ஊத்துறாங்க" என்று ஒரு பெரியவர் இலையைவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் பந்தியே எழுந்தது. சம்பந்திமார் பாதிச் சோற்றில் எழுந்து போவதைவிட ஒரு பெண் வீட்டுக்கு வேறென்ன அவமானம் வேண்டும்? அப்பா நனைந்த வேட்டியோடு நடுப்பந்தலில் கைகூப்பி நின்றார். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

அப்போதுதான் என் மாமியார், புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏம்மா பொண்ணு, சட்டி வழிச்சுத் தின்னியா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நனைந்தவன், பசித்தவன், கோபித்தவன் எல்லாரும் சிரித்தார்கள். என் தம்பி, அறிவு கெட்டவன், "தினமும்" என்றான். இன்னொரு சிரிப்பு. மாலையோடு உட்கார்ந்திருந்த நான் அப்படியே மணைக்குக் கீழே புதைந்துவிடக் கூடாதா என்று இருந்தேன். அவர்கள் விளையாட்டாகத்தான் சிரித்தார்கள். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றது என் நாக்கால் வந்தது என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

புகுந்த வீட்டுக்குப் போனபோது எனக்கு முன்பே என் பேர் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் என்னைக் காட்டி, "இதான் எங்க மழ மருமவ" என்று தொடங்கி, ரசம், துண்டு, வாளி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். கெட்ட மனுஷி இல்லை. கை தாராளம், வாயும் தாராளம். அந்த வீட்டுச் சாப்பாடும் குறையில்லை. சூடான கம்பஞ்சோற்றில் குழி பறித்து, கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றித் தந்தால், என் பசிக்கு ஒரு பானை காணாது. ஆனால் நான் மறுசோறு கேட்கமாட்டேன். ஆண்கள் சாப்பிட்டுப் போன பிறகு மாமியார், நாத்தனார், நான் மூவரும் உட்காருவோம். "போட்டுக்கம்மா" என்பார் மாமியார். "போதுங்க அத்தை" என்பேன். வயிறு கத்துவது எனக்கு மட்டும் கேட்கும். நிறையத் தின்றால் மறுபடியும் மழைக் கதை ஆரம்பிக்குமே என்று பயம்.

சட்டியைத் தொடுகிற ஆசையே வரக்கூடாது என்று, சாப்பிட்டு முடித்த கையோடு அதில் தண்ணீரை ஊற்றிவிடுவேன். ஒருநாள் அடியில் கெட்டியாகக் கிடந்த குழம்போடு ஊற்றிவிட்டேன். "அடிப்பாவி, நாளைக்கு ஆவுற குழம்புல தண்ணிய ஊத்திட்டியே!" என்று மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார். வழித்தாலும் ஏச்சு, வழிக்காவிட்டாலும் ஏச்சு. அன்று கொல்லையில் போய் நின்று ஆத்திரம் தீர அழுதேன். நாத்தனார் பின்னாலேயே வந்து, "அண்ணி, எங்கம்மாவே சட்டி வழிக்கும், நான் பாத்துருக்கேன்" என்றாள். அந்தச் சின்னப் பெண் சமாதானம் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருப்பது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஆடிக்கு அழைத்து வந்தபோது அம்மா மீன் வாங்கிவைத்திருந்தாள். மறுநாள் காலையில் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை வேறு ஏனத்திலிருந்து கரண்டியால் ஊற்றினாள். சட்டி அலம்பிக் கவிழ்த்துக் கிடந்தது. தம்பி எனக்குச் சாடை காட்டினான், அம்மா இப்போதெல்லாம் இப்படித்தான் என்று. ஏன் இப்படி என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நான் சின்னதுல வழிக்காத சட்டியா?" என்றாள் அம்மா. "எங் கல்யாணத்துல ஒரு பொட்டு விழுவல. நெனச்சுப் பாரு. எனக்குப் பெய்ய வேண்டியத, சேத்து வெச்சு ஒனக்குப் பெஞ்சுடுச்சு. ஒம் மேல குத்தமில்லடி, எம்மேலதான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அவமானத்தை நான் எவ்வளவு பெரிதாக நினைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்! இங்கே அம்மா அதையே தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, ஆசைப்பட்ட சோற்றை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் பேசுவதைக் கேட்டபடி அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டே கடைக்குக் கிளம்பிப் போனார். எப்போதும் போல அவசரம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஜெயங்கொண்டம் பக்கம். பந்தல்காரர் வந்ததும் மாமியார் முதலில் சொன்னது இதுதான்: "ரெட்டக் கீத்தாப் போடுங்க. எங்க வூட்ல ஒருத்தி சட்டி வழிச்சவ இருக்கா, அவ காத்து எம் பொண்ணு மேலயும் அடிச்சிருக்கும்." பந்தல்காரரும் சிரித்தார். தென்னங்கீற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கிக் கட்டினார்கள். உள்ளே நின்றால் பகலிலும் மங்கலாக இருந்தது.

மழை வந்தது. மேளம் கொட்டி அட்சதை போடும்போதே வந்துவிட்டது. இனி நாத்தனார் வாழ்க்கை முழுக்க இந்தப் பழியும் என் தலையில்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் ஒரு சொட்டு உள்ளே இல்லை. மேலே சடசடவென்று சத்தம், ஓரங்களில் தண்ணீர் வடிந்து வாய்க்காலாக ஓடுகிறது, உள்ளே கோலப்பொடிகூட அழியவில்லை. பந்தி எப்போதும் போல நடந்தது.

எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா மட்டும் பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார்.

"பாப்பா, ஒன் கல்யாணத்துக்கும் ரெட்டக் கீத்துக்குத்தான் வாங்குனேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் அடுப்படிக் கூரை ஓட்டையாகக் கிடந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் உள்ளே வந்து பார்த்தால், இவர்கள் சோறாக்குகிற இடம் இப்படியா என்று நினைப்பார்களே என்று, வாங்கிய கீற்றில் பாதியை எடுத்து அடுப்படிக்கு வேய்ந்துவிட்டார். மாசியில் என்ன மழை வரப்போகிறது என்று பந்தலுக்கு ஒற்றைக் கீற்று. அதையும் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார்.

"மழ பெய்யத்தான் செய்யும் பாப்பா. ஒழுவுனது என்னாலதான்."

"ஏம்ப்பா சொல்லல?"

"அவங்க ஒன்னயச் சொல்லிச் சிரிச்சப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பந்தலப் பத்தி யாரும் பேசலியேன்னு." கால் விரலால் தரையைக் கீறினார். "ஒங்கம்மா சோத்த வுட்டப்பவாச்சும் சொல்லிருக்கணும். வாய் வரல."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குச் சட்டென்று வரும். ஒன்றரை வருடமாக அரை வயிற்றோடு எழுந்தேனே, அம்மா ஆசையை அடக்கிக்கொண்டாளே, இத்தனைக்கும் இவர் பக்கத்திலேயே இருந்தாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டுவிடவே வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார். எங்கள் அடுப்படியை யாரும் கேவலமாகப் பார்த்துவிடக் கூடாது என்று கூரை வேய்ந்த மனுஷன். அவரைத் தலைகுனிய வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன் என்பதே எனக்குத் தாங்கவில்லை. பெற்றவர் பிள்ளைக்கு முன்னால் வெட்கப்படுவதைப் பார்ப்பதைப் போல ஒரு வெட்கம் இல்லை.

"வாங்கப்பா, சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் பந்தியில் அவரை உட்காரவைத்து நானே பரிமாறினேன். மாமியார் ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டே வந்தார். புது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவர் கூடவே வந்தார்கள். அப்பாவின் இலைக்கு முன் வந்து நின்று, "என்னண்ணே, பாத்தீங்களா எங்க பந்தல?" என்றார். பிறகு அந்தப் பெண்களிடம் திரும்பி, "இவுங்க பொண்ணு கல்யாணத்துல பெஞ்ச மழ இருக்கே, அடேயப்பா! பந்தியே எந்திரிச்சுப் போச்சு" என்று கதையைத் தொடங்கினார்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தார். "அது வந்தும்மா, அந்தப் பந்தல்ல..." என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், புதுச் சம்பந்தி முன்னால், சொல்லிவிடப் போகிறார்.

"பந்தல் என்னாங்க அத்தை செய்யும்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "எங்கூட்டுச் சட்டி எல்லாத்தையும் நாந்தான் வழிச்சேன். கொஞ்சமாவா தின்னேன்? அதுக்கு எந்தப் பந்தலும் தாங்காது."

மாமியாருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாளில் நானாக வாயைத் திறந்து ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. "கேட்டுக்கங்க, அவளே சொல்லிட்டா!" என்று என் முதுகில் தட்டிச் சிரித்தார். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். பந்தியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என் முகம் அன்றைக்குப் போலவே சூடேறியது. நானும் சிரித்தேன்.

அப்பா குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.