ஏற்காதவை முப்பத்தேழு

அட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் நெட்வொர்க்கம்மா. கணினி நின்றாலும் சரி, பிரின்டர் முரண்டு பிடித்தாலும் சரி, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும்கூட, "நெட்வொர்க்கம்மாவைக் கூப்பிடு" என்பதுதான் முதலில் கிளம்பும் குரல். வயது நாற்பத்தாறு. கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனதோடு சரி. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். சாப்பாடு கீழே, அக்காவிடம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது பதினொரு வயதுத் தங்கையும் கூடவே வந்து சேர்ந்தாள். மாமா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "ரெண்டு பேரைக் கட்டிக் குடுத்துட்டாங்க, ஒண்ணு சமைக்கும், ஒண்ணு சண்டை போடும்" என்று சிரிப்பார். அவளுக்கு நாற்பது தாண்டியும் அவர் வாயில் 'பாப்பா'தான்.

மாமாவும் அதே தொழிற்சாலைதான். பழைய காகிதத்தை அரைத்துக் கூழாக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்றார். அந்த இரைச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் தின்றுவிட்டது. அதன்பிறகு அவரை வாசலோரம் இருந்த எடை மேடைக்கு மாற்றினார்கள். காகிதம் ஏற்றிவரும் லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவர் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பார். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். தன் குரல் தனக்கே கேட்காது என்பதால் ரகசியத்தையும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். லாரி ஓட்டுநர்களுக்கு அவர் எடை அண்ணன். லாரி வளைவில் திரும்பும்போதே டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்து, "பதினாலு டன்!" என்று கத்துவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பினால், "வண்டிக்காரன் வழியில நல்லா சாப்பிட்டுட்டான் போல" என்று சமாளிப்பார்.

அவர் கூழ் இயந்திரத்தில் நின்ற காலத்திலேயே, பத்தொன்பது வயதில் அவளைத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த எடை அறையிலேயே சீட்டு எண்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அங்கே கேபிள் போட வந்தவர்களின் பின்னால் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்டு, புத்தகம் வாங்கிப் படித்து, பரீட்சை எழுதி, முப்பது வயதுக்குள் தொழிற்சாலையின் மொத்த நெட்வொர்க்கையும் அவள் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

இப்படியிருக்கையில் ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து தங்கள் கணினிகள் இணையத்தின் ஆறாம் பதிப்பு முகவரிகளோடு மட்டுமே பேசும், உங்கள் தரப்பையும் தயார்செய்து கொள்ளுங்கள் என்று இரண்டே பத்தி. மேலாளர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தார்.

"என்ன மேடம் இது? இப்ப இருக்கறதுல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல சார். பழைய முகவரியெல்லாம் உலகத்துல தீர்ந்து போச்சு. ஒரு முகவரிக்குப் பின்னால நானூறு மெஷின ஒளிச்சு வச்சு இத்தனை வருஷம் காலத்தை ஓட்டியாச்சு. புதுசுல ஒவ்வொண்ணுக்கும் தனி முகவரி."

"மாத்திடலாமா?"

"மாத்தலாம். முதல்ல நம்மகிட்ட என்னென்ன இருக்குன்னு எண்ணணும்."

எண்ணுவதற்கே நான்கு மாதம் ஆயிற்று. கையில் ஒரு மடிக்கணினி, கழுத்தில் டார்ச் விளக்கு. மேசைக்கடியில் குனிந்தாள், பரண்மேல் ஏறினாள், ஈரக் காகித வாடை அடிக்கும் கிடங்குகளில் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து அது எங்கே போய் முடிகிறதென்று பார்த்தாள். யாருக்கும் நினைவில்லாத ஒரு கேமரா ஆறு வருடமாக ஒரு வெற்றுச் சுவரைப் படம்பிடித்துக் கொண்டிருந்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் பட்டியலில் ஒரு வரி. வரியின் கடைசிக் கட்டத்தில், புது முகவரியை 'ஏற்கும்', 'மென்பொருளைப் புதுப்பித்தால் ஏற்கும்', 'ஏற்காது' என்று மூன்றில் ஒன்று.

எடை அறைக்கு அவள் போன அன்று மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அதிகாரி வந்திருக்காங்க, உக்காருங்க!" என்றார், வெளியே நின்ற ஓட்டுநருக்கும் கேட்கும்படி.

அவள் சிரித்துக்கொண்டே எடைக் கருவியின் பின்மூடியைக் கழற்றினாள். அதை நெட்வொர்க்கோடு இணைக்கும் சின்னப் பெட்டி ரொம்பப் பழையது. அதைச் செய்த நிறுவனமே இப்போது இல்லை. அதற்குப் பழைய முகவரியைத் தவிர வேறெதுவும் தெரியாது.

"எல்லாத்துக்கும் தனி விலாசமாமே பாப்பா? எத்தனை இருக்கும்?"

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பி, நிதானமாக உதட்டை அசைத்தாள். "உலகத்துல இருக்கற மணல் ஒவ்வொண்ணுக்கும் குடுத்தாலும் மிஞ்சும் மாமா."

"அடேங்கப்பா! அப்ப இட நெருக்கடியே இல்லன்னு சொல்லு" என்றார் மாமா. அவள் 'ஏற்காது' என்று எழுதினாள். பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில், 'இதை மட்டும் பழைய முறையில் தனியாக வைத்துக்கொள்ளலாம். நடுவே முகவரியை மாற்றித் தர ஒரு சிறு பெட்டி போதும்' என்றும் சேர்த்தாள்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சாதனங்கள். ஏற்காதவை முப்பத்தேழு.

பட்டியலைக் கூட்டத்தில் வைத்த அன்று முதலாளியே வந்து உட்கார்ந்தார். திரையில் வரிகள் ஓடின. "இத்தனை வருஷத்துல என் தொழிற்சாலையை எனக்கே யாரும் இப்படிக் காட்டினதில்ல" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மேசைக்கடியில் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்த நான்கு மாதத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது.

ஏற்காதவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிரின்டர்கள், மாற்றிவிடலாம். கேமராக்கள், மாற்றிவிடலாம். இருபத்தொன்பதாவது வரியில் எடை மேடை வந்தது. மேலாளர் குறிப்புக் கட்டத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே ஒரு இடத்துக்காகப் பழசையும் கட்டி மாரடிக்கணுமா? இப்ப ஆளே இல்லாத எடை மேடை வந்திருக்கு. டிரைவர் அட்டையைக் காட்டினா அதுவே எடை போட்டு, அதுவே சீட்டு குடுத்து, அதுவே கதவைத் திறந்துவிடும். புது முகவரியையும் ஏத்துக்கும். என்ன மேடம், தொழில்நுட்பத்துல ஏதாவது தடை இருக்கா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கேட்காது, வேறு எங்கும் அவரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவருக்கு ஓய்வு வயது வர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்பதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. சொந்தக்காரருக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்களோ என்று ஒரு கணம் தயங்கினாள். முதலாளி பாராட்டிய வாய் இன்னும் மூடவில்லை என்பதும் ஒரு காரணம். அதைப் பின்னாளில்தான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

"தடை இல்லை சார்" என்றாள்.

கூட்டம் முப்பதாவது வரிக்குப் போய்விட்டது.

வீட்டில் அவள் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினொரு நாள் கீழே இறங்கி வந்து, தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறிப் போனாள். பன்னிரண்டாம் நாள், புது மேடை வந்ததும் வேலை இல்லை என்ற கடிதத்தை மாமா கையில் கொடுத்தார்கள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை லாரிகளுக்குச் சீட்டு அடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அக்கா மாடிக்கு வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"உன் பட்டியல்ல இருந்ததுன்னு சொல்றாங்க. நிஜமா?"

"இருந்தது. ஆனா தனியா வச்சுக்கலாம்னு குறிப்பு எழுதியிருந்தேன்க்கா."

"எழுதினா போதுமா? உனக்குத்தான் வாய் இருக்கே."

கூட்டத்தில் தன்னைக் கேட்டதை மட்டும் அவள் மறைத்துவிட்டாள். குறிப்பு எழுதியிருந்தாள் என்பது வரைக்கும் அக்கா நம்பினாள். கோபம் முழுவதையும் மேலாளர் மேல் கொட்டிவிட்டு, மறுநாளும் தங்கைக்குத் தட்டு வைத்தாள். அவள் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள்.

புது நெட்வொர்க்குக்கு மாறிய நாள் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை. இரண்டு மாதமாக அலுவலகத்தின் ஒரு மூலையில் பத்துக் கணினிகளில் மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஒவ்வொன்றும் இனிமேல் வெளியுலகத்துக்கு நேராக முகம் காட்டும் என்பதால் வேண்டாதவர்களைத் தடுக்கும் ஃபயர்வால் விதிகளை அடியிலிருந்து புதிதாக எழுதியிருந்தாள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி, பதினொன்றரைக்கெல்லாம் வாடிக்கையாளரின் கணினியிலிருந்து முதல் பதில் வந்துவிட்டது. ஒரு கேபிள்கூடத் தகராறு செய்யவில்லை. மேலாளர் கைதட்டினார். அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதல் லாரி புது மேடையில் ஏறியது. ஓட்டுநர் அட்டையைக் காட்டினார், சீட்டு வந்தது, தடுப்புக் கம்பி தானாக மேலே போனது. ஓட்டுநர் உடனே கிளம்பவில்லை. தலையை வெளியே நீட்டிக் காலியாக இருந்த கண்ணாடி அறையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் மாமாவுக்குப் பொழுது நகரவில்லை. காலையில் பழக்கதோஷத்தில் குளித்து, சட்டை மாட்டி, தலை சீவி, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். தெருமுனையில் லாரி திரும்பினால், "பன்னெண்டு!" என்பார். சரியா தப்பா என்று சொல்ல எந்த மேடையும் இல்லை. அக்கா சமையலறையில் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். இப்படியே ஐந்து மாதம் போயிற்று. வேறொரு ஊரில் வேலை பார்க்கும் மகன், "இங்க வந்துடுங்க ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டான். அக்கா உடனே சரி என்றுவிட்டாள்.

கிளம்பும் நாளன்று வாசலில் வண்டி நின்றது. அக்கா உள்ளே ஜன்னல்களைத் தாழிட்டுக்கொண்டிருந்தாள். மாமா பையோடு வெளியே நின்றார்.

"நல்லா சாப்பிடு பாப்பா. கேபிள் மாதிரி ஆயிட்ட" என்றார்.

அவளுக்கு இனித் தாங்காது என்று தோன்றியது. அக்காவுக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள். 'மாமா, கூட்டத்துல என்னைக் கேட்டாங்க. தடை இருக்கான்னு. நான் இல்லன்னு சொல்லிட்டேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.'

மாமா உதட்டைப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, உடனே மறைந்தது. பிறகு அவள் தோளைத் தட்டினார்.

"நீ பேசியிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா? விடு!"

அவருக்கு அது முணுமுணுப்பு. தெருவுக்கே கேட்டது. அக்கா பூட்டும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பேசியிருந்தா?" என்றாள்.

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதவைப் பூட்டி, சாவியைத் தங்கையின் கையில் கொடுக்காமல் படிக்கட்டில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். தங்கை தூக்கிவந்த பெட்டியைக்கூட அவள் கையிலிருந்து வாங்கவில்லை. ஓட்டுநர்தான் இறங்கி வந்து வாங்கினார்.

அதன்பிறகு அவள் அக்காவுக்குப் போன் செய்தால் மணி அடித்து ஓயும். எப்போதாவது மாமாவிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வரும். இங்கே மழை, அங்கே எப்படி என்பது போல. பிறகு அதுவும் வரவில்லை. காது கேட்காதவர், புது ஊர், கைப்பேசியில் என்ன கோளாறோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மதியம், அலுவலகத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் கூப்பிட்டான்.

"சித்தி... அப்பா போயிட்டாரு. பதினாறு நாளாச்சு. தூக்கத்துலயே. அம்மா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. என்னால முடியல சித்தி."

கையிலிருந்த திருப்புளியை அவள் மெல்லக் கீழே வைத்தாள். பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளில் தான் என்னென்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். சிரித்திருக்கிறாள், ஒரு புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள்.

அன்றைக்கே ரயில் ஏறினாள். மறுநாள் காலை மகன் வீட்டுக் கதவை அக்காதான் திறந்தாள். மெலிந்து பாதியாகியிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழியை விட்டு நகர்ந்துகொண்டாள். அவ்வளவுதான்.

உள்ளே அறையில் மாமாவின் சட்டைகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. அவள் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினாள். கொஞ்சநேரம் கழித்து அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கடைசி வரைக்கும் உன்னைத் தப்பா ஒரு வார்த்தை சொல்லல அவரு. பாப்பா என்ன பண்ணும், பாப்பா என்ன பண்ணும்னுதான். அதுதான் எனக்கு ஆறவே இல்ல. அவரு கோவப்பட்டிருந்தா நான் கோவப்பட்டிருக்க மாட்டேன்."

"நான் பேசியிருக்கணும்க்கா."

"ஆமா" என்றாள் அக்கா. "பேசியிருக்கணும்."

அவள் அழுதாள். அக்கா அழவில்லை, தேற்றவும் இல்லை. ஒரு சட்டையை எடுத்து, தங்கை சரியாக மடிக்காத அதன் கையைப் பிரித்துத் திரும்ப மடித்து வைத்தாள். இரண்டு நாள் அவள் அங்கே இருந்தாள். சமைத்ததைச் சாப்பிட்டார்கள், துணி துவைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கிளம்பியபோது அக்கா ரயிலடிக்கு வரவில்லை. மகன்தான் கொண்டுபோய் விட்டான்.

இப்போது வாரம் ஒருமுறை அவள் கூப்பிடுகிறாள். சில வாரம் அக்கா எடுப்பதில்லை. எடுத்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். இவள், "சாப்பிட்டேன். முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்கிறாள். "இருக்கு" என்கிறாள் அக்கா. பிறகு, "சரி, வச்சுடறேன்" என்று அக்காதான் முதலில் வைக்கிறாள்.